பழைய ராணுவ ஷோல்டர் பேட்ச் கைக்கு வந்தா எப்படி பாக்கணும்

ரெண்டாம் உலகப்போர் காலத்து அமெரிக்க ஆர்மி பேட்ச் (எந்த யூனிட்டுன்னு காட்ட தோள்ல தைக்கற துணி அடையாளம்) ஒண்ணு கிடைச்சா, நிறைய பேர் உடனே அபீஷியல் லிஸ்ட்ல தேடுறாங்க, அதுல இல்லேன்னா டூப்ளிகேட்னு ஒதுக்கிடறாங்க. தயவுசெஞ்சு அப்படி பண்ணாதீங்க. தோள்ல பேட்ச் போடற வழக்கமே அனுமதி இல்லாமதான் ஆரம்பிச்சுது, முதல் உலகப்போர்ல அமெரிக்க ஆர்மியோட 81வது டிவிஷன்காரங்க 1918ல காட்டுப்பூனை பேட்ச் தச்சுக்கிட்டு கப்பல் ஏறிட்டாங்க, அங்கீகாரம் அப்புறம் அக்டோபர்லதான் வந்துச்சு.

மொதல்ல பேட்சை திருப்பி பின்பக்கம் பாருங்க. முன்பக்கத்தை யார் வேணா அழகா காப்பி அடிச்சிடலாம். 1940கள்ல அமெரிக்காவுல மெஷின் எம்ப்ராய்டரியில போட்டது பெரும்பாலும் காட்டன் நூல், ஓரம் தட்டையா வெட்டியிருக்கும். ஓரத்தை சுத்தி கயிறு மாதிரி தடிப்பா தச்சிருந்தா அது மெரோ எட்ஜ், 1960களுக்கு அப்புறம்தான் பரவலாச்சு, அதனால அங்க உஷாராயிடுங்க. அடுத்து இருட்டுல யூவி டார்ச் அடிங்க, பளிச்சுனு மின்னினா சிந்தெடிக் நூலா இருக்கலாம், ஆனா பழைய காட்டனை இப்போதைய டிடர்ஜென்ட்ல துவைச்சிருந்தாலும் மின்னும், அதனால இதை மட்டும் வச்சு தீர்ப்பு சொல்லாதீங்க.

கோணலா இருந்தாலே போலின்னு நினைக்கறதும் தப்பு. சைனா பர்மா இந்தியா தியேட்டர் (தியேட்டர்னா இங்க போர்க்களப் பகுதி) பேட்சை எடுத்துக்கோங்க, கேடயத்துல சீன சூரியனும் இந்திய நட்சத்திரமும் இருக்கும், இதுல பலதை நம்ம ஊர் டெய்லர்களே தோல்லயும் ஜரிகையிலயும் கையால பண்ணினாங்க, ஒண்ணு போல இன்னொண்ணு இருக்காது. எனக்கு மெஷின்ல போட்டதைவிட இதுங்கதான் உசத்தி.

ரேஞ்சர்ங்கற அமெரிக்க அதிரடிப்படையோட கதை இன்னும் நல்லாருக்கும். 1943ல அவங்களுக்கு நீல டைமண்ட் வடிவ பேட்ச் அபீஷியலா கிடைச்சுது, ஆனா அது சனோகோங்கற அமெரிக்க கம்பெனியோட பெட்ரோல் பங்க் போர்டு மாதிரியே இருக்குன்னு பலருக்கு பிடிக்கல, அனுமதியே இல்லாத கறுப்பு ஸ்க்ரோலைத்தான் (எழுத்து போட்ட வளைஞ்ச பட்டை) ஆசையா போட்டாங்க.

லிஸ்ட்ல இருக்குங்கறதாலயும் போர்ல போட்டதுன்னு நம்பிடாதீங்க. நார்மண்டி தாக்குதல் சமயத்துல ஜெர்மன்காரங்களை ஏமாத்த 14வது ஆர்மின்னு ஒண்ணு இருக்கறதா காட்டினாங்க, அப்படி ஒரு படையே கிடையாது, ஆனா பேட்ச் இருக்கு.

பேட்ச் ஜாக்கெட்லயே இருந்தா பிரிக்காதீங்க. இடது தோள்ல இருக்கறது அப்போ இருந்த யூனிட், வலது தோள்ல இருந்தா முன்னாடி போருக்குப் போன யூனிட். தையல் நூலும் துணியும் ஒரே அளவுக்கு வெளுத்திருக்கான்னு பாருங்க, துணி நைஞ்சு போயி நூல் மட்டும் புத்தம்புதுசா இருந்தா யாரோ சமீபத்துல தச்சிருக்காங்க.