பார்ட்டி கேம்களில் அன்லாக்கும் லக்கி பரிசும்: எங்கே கோட்டை விடுகிறோம்?

நண்பர்கள் கூடி ஆடும் பார்ட்டி கேம்களில், எல்லோரும் கன்ட்ரோலரைக் கையில் எடுத்த பிறகுதான் பலருக்கு அன்லாக், அதாவது பூட்டியிருக்கும் கதாபாத்திரங்களையும் பொருட்களையும் ஆடித் திறப்பது, ஞாபகமே வருகிறது. 2018இல் வந்த சண்டை கேமான சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் அல்டிமேட்டில் 70க்கும் மேற்பட்ட ஃபைட்டர்கள் உண்டு. புதிதாகத் தொடங்கினால் கையில் இருப்பது 8 பேர்தான். யாராவது முன்கூட்டியே, அடுத்தடுத்து எதிரிகளோடு மோதும் கிளாசிக் மோடை ஆடி ஆள் சேர்த்து வைக்க வேண்டும். ஜெயித்தால் நம்மோடு சேர்வேன் என்று சவால் விட்டு வரும் ஃபைட்டரிடம் தோற்றாலும் பதறத் தேவையில்லை. பிறகு மெனுவில் ஒரு கதவு தோன்றும், அங்கே அவரோடு மறுபடி மோதலாம்.

இவ்வளவு செய்தும் சிலர் புது யூசர் புரொஃபைலில் கேமைத் திறந்துவிடுவார்கள். இந்த கேம் ஓடும் நிண்டெண்டோ ஸ்விட்ச் கன்சோலில் பெரும்பாலான கேம்களின் சேவ் (ஆடிச் சேர்த்ததன் பதிவு) புரொஃபைலோடு ஒட்டியது. சேர்த்ததெல்லாம் வேறொரு புரொஃபைலில் பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருக்கும்.

எது லக்கில் வருவது, எது நிபந்தனையில் வருவது என்று பார்க்காமல் உழைப்பது அடுத்த தவறு. ரேஸ் கேமான மரியோ கார்ட் 8 டீலக்ஸில் காயின் சேரச் சேர வண்டிப் பாகங்கள் வரும். எது எப்போது வரும் என்பது கேமின் இஷ்டம். கோல்ட் மரியோ என்ற கதாபாத்திரம் அப்படி இல்லை. 200சிசி என்ற மிக வேகமான பிரிவின் கப்களில் தங்கக் கோப்பை வாங்கினால்தான் வருவார். எத்தனை காயின் குவித்தாலும் அவர் அசைய மாட்டார்.

பெரிய அடி விழுவது, திறந்தால்தான் உள்ளே என்ன என்று தெரியும் பரிசுப் பெட்டிகளில். மொத்தம் 20 ஸ்கின்களில் (கதாபாத்திரத்தின் தோற்றத்தை மாற்றும் உடைகள்) ஏதாவது ஒன்றைத் தரும் ஒரு வகைப் பெட்டியை எடுத்துக்கொள்வோம். எல்லாவற்றுக்கும் சம வாய்ப்பு, ஏற்கெனவே கிடைத்ததே மறுபடி டூப்ளிகேட்டாகவும் வரும். முதல் 10 ஸ்கின் சராசரியாக 13 பெட்டிகளிலேயே வந்துவிடும். "பாதி முடிஞ்சது, இன்னும் கொஞ்சம்தான்" என்று தோன்றும். ஆனால் மீதி 10க்கு மேலும் 58 பெட்டிகளுக்கு மேல் ஆகும். கடைசி ஒன்றுக்கு மட்டுமே சராசரியாக 20. ஆசையைத் தூண்டும் அந்த வேகமான முதல் பாதியை வைத்துக் கணக்குப் போட்டுத்தான் பலர் பணத்தை விடுகிறார்கள். அதே பெட்டியில் டூப்ளிகேட் வராது என்றால் 20 பெட்டியோடு கதை முடிந்தது. எனவே அந்த ஒரு வரி விதியைப் படிக்காமல் ஒரு பெட்டியைக்கூடத் திறக்கக் கூடாது என்பேன்.

"1% வாய்ப்பு, அப்படியென்றால் 100 முறை திறந்தால் கட்டாயம் வரும்" என்பதும் தப்புக் கணக்கு. 100 முறை திறந்தும் வெறுங்கையோடு நிற்க 37% வாய்ப்பு இருக்கிறது. 99 முறை ஏமாந்ததற்காக நூறாவது பெட்டி இரக்கப்படாது. இத்தனை முறைக்குள் நிச்சயம் கிடைக்கும் என்று கேமே உச்சவரம்பு வைத்திருந்தால் மட்டும் பழைய தோல்விகள் கணக்கில் சேரும்.

காசு கொடுத்து வாங்கும் பெட்டிகளில் எந்தப் பொருளுக்கு எவ்வளவு வாய்ப்பு என்று காட்டியாக வேண்டும் என ஆப்பிள் தன் ஆப் ஸ்டோரில் 2017 முதல் விதி வைத்திருக்கிறது. பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018இல் இன்னும் ஒரு படி மேலே போய், காசுக்கு விற்கும் சில லூட் பாக்ஸ்களை (இதே பரிசுப் பெட்டிகளை) சூதாட்டம் என்றே சொல்லிவிட்டது. ஆனாலும் வாய்ப்புப் பட்டியல் பளிச்சென்று கண்ணில் படும் இடத்தில் இருக்கும் என்று நம்ப வேண்டாம். கடைப் பக்கத்தின் மூலையில் இருக்கும் சின்ன ஐகானைத் தட்டிப் பாருங்கள். பிள்ளைகளும் ஆடும் கருவி என்றால், கார்டு விவரத்தைச் சேமிக்காமல் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாஸ்வேர்டு கேட்கும்படி வையுங்கள்.