கார் வார்ஸ் பந்தயத் தடம்: 'உடுக்கை'யை வரைவது எப்படி?

ஆயுதம் பூட்டிய கார்கள் மோதும் மேசை விளையாட்டு கார் வார்ஸ். அதன் பழைய பதிப்பில் தாளில் 1 அங்குலம் என்றால் 15 அடி. கார் 1 அங்குல நீளம், அரை அங்குல அகலம். ஒரு டர்ன், அதாவது ஒரு ஆட்டச் சுற்று, ஒரு நொடி. மணிக்கு ஒவ்வொரு 10 மைல் வேகத்துக்கும் ஒரு டர்னில் 1 அங்குலம் நகரலாம். தடத்தின் எல்லா அளவுகளும் இவற்றிலிருந்தே வருகின்றன.

வெறும் நீள்சதுரமாக வரைந்தால் பந்தயம் நடக்கும், சண்டை நடக்காது. முந்திய கார் எதிர்ப்பக்கம் போய்விட்டால் அதைச் சுடுவது வீண். அதனால்தான் இடுப்பு ஒடுங்கிய உடுக்கை வடிவம்.

தேவை: கால் அங்குலக் கட்டம் போட்ட 24×36 அங்குலத் தாள், பென்சில், அடிக்கோல், பாகைமானி, மார்க்கர்.

1. சுற்றிலும் 1 அங்குலம் விட்டு 22×34 நீள்சதுரம் போடுங்கள். அதுதான் வெளிச்சுவர். உள்ளே 4 அங்குலம் தள்ளி 14×26 நீள்சதுரம். இடைவெளியே ஓடுதடம்.

2. வெளிமூலைகளை 4 அங்குலம், உள்மூலைகளை ஒன்றரை அங்குலம் சாய்வாக வெட்டுங்கள். ஒவ்வொரு மூலையும் இரண்டு 45 பாகைத் திருப்பங்களாகும்.

3. இனி இடுப்பு. இரு நீளப் பக்கங்களின் நடுவிலும் 8 அங்குலத் துண்டை 4 அங்குலம் உள்ளே தள்ளி, இரு முனைகளிலும் 30 பாகைச் சாய்வால் இணையுங்கள். ஒரு சாய்வு தாளின் நீளவாக்கில் ஏறக்குறைய 7 அங்குலம் பிடிக்கும். இரு சுவர்களையும் அப்படியே நேராக நகர்த்தினால் சாய்வில் அகலம் மூன்றரைக்குச் சுருங்கும். ஒரு சாய்வில் அதை விட்டுவைக்கலாம். கண்ணிவெடி போடுபவருக்கு அது நல்ல இடம். மற்ற மூன்றில் உள்சுவரைக் கொஞ்சம் ஒதுக்கி 4 ஆக்குங்கள். எல்லாம் ஒடுங்கினால் கண்ணிவெடி வைத்திருப்பவர்தான் எப்போதும் ஜெயிப்பார்.

இடுப்பின் பலன் கணக்கில் தெரியும். இயந்திரத் துப்பாக்கிக்கு இரண்டு பகடையில் 7 அல்லது அதற்கு மேல் தேவை. தூரத்தில் ஒவ்வொரு முழு 4 அங்குலத்துக்கும் 1 கழியும். அகன்ற பகுதியில் எதிர்த்தடம் 18 அங்குலம், எனவே 11 விழ வேண்டும்: 36இல் 3 வாய்ப்பு. இடுப்பில் 10 அங்குலம்தான், 9 போதும்: 36இல் 10.

4. உள்திடல் முழுவதும் கட்டடம் என்று வைத்து, இடுப்பில் மட்டும் குறுக்கே பார்க்க இரண்டு இடைவெளிகள் விடுங்கள், தலா 2 அங்குலம். ஒரு டர்னை ஐந்து பகுதிகளாகப் பிரித்து ஆடும் முறையில், 100 மைலில் போகும் கார் ஒரு பகுதிக்கு 2 அங்குலம் தாவும். 1 அங்குல இடைவெளி விட்டால் சுடுவதற்குள் கடந்துவிடும்.

5. தொடக்கக் கோடு ஒரு குட்டைப் பக்கத்தில். நான்கு கார்களை இரண்டு வரிசையாக, 2 அங்குலம் முன்பின்னாக நிறுத்துங்கள். முதல் இடுப்பைத் தொடும்வரை சுடக்கூடாது என்று விதி வையுங்கள். 1 அங்குலத்துக்குள் சுட்டால் 4 கூடுதல் கிடைக்கும்; விதி இல்லையென்றால் முன்வரிசைக் கார் முதல் நொடியிலேயே முடிந்தது.

மார்க்கர் போடும் முன் ஒரு காரைச் சுடாமல் ஓட்டிப் பாருங்கள். 30 பாகைத் திருப்பம் ஹேண்ட்லிங்கில், அதாவது காரின் கட்டுப்பாட்டுப் புள்ளிகளில், 2 தின்னும். ஹேண்ட்லிங் 3 உள்ள கார் 60 மைலில் சாய்வைத் தாராளமாகக் கடக்கும். 100 மைலில் ஒரே டர்னில் இரண்டு திருப்பம் வந்து −1க்கு இறங்கும். 60 மைலிலேயே தடுமாறினால் உங்கள் சாய்வு குட்டையாகிவிட்டது. அழித்து நீட்டுங்கள்.