படுக்கையில் திரும்பினால் வரும் தலைச்சுற்று: வீட்டிலேயே செய்யக்கூடிய எப்லி முறை

விடியக் கட்டிலில் ஒருக்களித்ததும் கூரை சுற்றும். கண்ணை இறுக்க மூடிக் கிடந்தால் ஒரு நிமிடத்துக்குள் அடங்கும். கன்னியா வெந்நீர்க் கிணற்றில் வாளியோடு குனியும்போதும், கோணேசர் கோயிலில் பெரிய சிவன் சிலையை அண்ணாந்து பார்க்கும்போதும் அதே கூத்து. திருகோணமலையில் இதற்கு இரண்டே மறுமொழிதான்: ‘பிரஷர் கூடியிருக்கும்’, ‘பித்தம் தலைக்கேறியிருக்கும்’. பிரஷரை அளந்து பாருங்கள், நல்லது. ஆனால் தலையின் நிலை மாறும்போது மட்டும் வந்து, விநாடிக்கணக்கில் போய்விடும் சுற்று அநேகமாகக் காதில் இருந்து வருவது.

உட்காதில் கல்சியம் காபனேற்றுத் துகள்கள் ஒட்டியிருக்கும். அவை கழன்று, தலை திரும்புவதை உணரும் மூன்று அரைவட்டக் கால்வாய்களில் ஒன்றுக்குள் விழுந்தால், தலையை அசைக்கும்போது அங்குள்ள நீரையும் சேர்த்து இழுக்கும். தலை நின்ற பிறகும் ‘இன்னும் சுற்றுகிறது’ என்று மூளைக்குப் பொய்ச் செய்தி போகும். வயது, தலையில் பட்ட அடி, நீண்ட நாள் படுக்கை, உட்காதில் வந்த அழற்சி, எலும்புத் தேய்வு, விற்றமின் டி குறைவு எல்லாம் காரணமாகலாம். பலருக்குக் காரணமே பிடிபடாது. உயிருக்கு ஆபத்தில்லை, வயதானவர்கள் சுற்றி விழுந்து இடுப்பெலும்பை உடைப்பதுதான் பயம்.

சுற்றுக்குத் தரும் குளிசை குமட்டலைக் குறைக்கும், துகளை அசைக்காது. மாதக்கணக்கில் விழுங்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

தலையைப் படிப்படியாகத் திருப்பி, அந்தத் துகளைக் கால்வாயில் இருந்து வெளியேற்றுவதுதான் எப்லி முறை. அதைத் தொடங்க முன் ஒன்று. பேச்சுக் குழறல், முகம் கோணல், கை கால் சோர்வு, இரட்டைப் பார்வை, திடீரென்று கடும் தலையிடி, விடாமல் தொடரும் சுற்று, இவற்றில் எது இருந்தாலும் இதையெல்லாம் விட்டுவிட்டு 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள். கழுத்தெலும்பு நோயோ விழித்திரைப் பிரச்சினையோ உள்ளவர்கள் வைத்தியரிடம் கேட்காமல் செய்ய வேண்டாம்.

எந்தக் காது? படுத்தபடி எந்தப் பக்கம் திரும்பினால் சுற்று கடுமையோ, பெரும்பாலும் அந்தக் காது. முதல் தடவை வைத்தியர் சோதித்துச் சொன்னால் நிம்மதி. கீழே உள்ளது வலக்காதுக்கு. இடக்காது என்றால் பக்கங்களை மாற்றுங்கள். வீட்டில் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1. கட்டிலில் கால் நீட்டி இருங்கள். சாயும்போது தோளுக்கடியில் வரும்படி தலையணையைப் பின்னால் வையுங்கள். தலையை 45 பாகை வலப்பக்கம் திருப்புங்கள்.

2. திருப்பியபடியே சட்டென்று மல்லாந்து சாயுங்கள். தோள் தலையணையில், தலை கொஞ்சம் பின்னால் சரிந்து மெத்தையில். இங்கேதான் சுற்று வரும், வரத்தான் வேண்டும். பக்கத்தில் நிற்பவர் பார்த்தால் கருமணி துடித்துத் துடித்துச் சுழல்வது தெரியும். பயந்து எழும்பாதீர்கள். 30 விநாடி, சுற்று நிற்காவிட்டால் நிற்கும் வரை.

3. தலையை உயர்த்தாமல் இடப்பக்கம் 90 பாகை திருப்புங்கள். 30 விநாடி.

4. உடம்போடு சேர்த்து இன்னும் 90 பாகை இடப்பக்கம் புரளுங்கள். மூக்கு மெத்தையை நோக்க வேண்டும். 30 விநாடி.

5. இடப்பக்கமாகவே, ஆறுதலாக எழும்பி இருங்கள். உடனே நடக்க வேண்டாம்.

பலர் தவறுவது நான்காவதில்: உடம்பு புரளும், முகம் சுவரைப் பார்த்தபடி நின்றுவிடும். அப்படியானால் துகள் பாதி வழியில்தான் நிற்கும்.

ஒரு நாள் முழுக்கச் சுற்று இல்லாமல் இருக்கும் வரை, நாளுக்கு மூன்று தடவை செய்யலாம். இது அமெரிக்கக் காது வைத்தியர் ஜோன் எப்லி உருவாக்கிய முறை. 1992இல் விரிவாக வெளியிட்டார். பின்பக்கக் கால்வாயில் துகள் விழுந்தவர்களுக்குத்தான் இது, அவர்கள்தான் பெரும்பான்மை. ஒரு வாரம் செய்தும் குறையாவிட்டால் துகள் வேறு கால்வாயில் இருக்கலாம். அதற்கு வேறு முறை இருக்கிறது, காது மூக்கு தொண்டைக் கிளினிக்கில் காட்டுங்கள். காது கேட்பது குறைந்தாலோ இரைச்சல் கேட்டாலோ வாரம் முடியும் வரை காத்திருக்காமல் போங்கள், அது வேறு நோயாக இருக்கலாம். சுகமான பிறகும் சில மாதத்தில் திரும்ப வருவது உண்டு. அப்போதும் இதே ஐந்து படிதான்.