பழைய ஜீப்: எல்லாம் பொருந்தும் என்பதால் வரும் தவறுகள்

பழைய ஜீப் வாங்கிப் புதுப்பிக்கத் தொடங்கியிருக்கும் சிலரை அண்மைக் காலமாகக் கவனித்து வருகிறேன். அவர்கள் செய்வதில் பாதிக்கு மேல் நானும் ஆரம்பத்தில் செய்ததுதான். பேப்பர் இல்லாத வண்டிக்குப் பணம் கொடுக்காதே, ஓட்டிப் பார்க்காமல் வாங்காதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதையெல்லாம் விட்டுவிடுகிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். இரண்டாம் உலகப் போரின்போது, 1941 முதல் 1945 வரை, வில்லிஸ் எம்பி, ஃபோர்டு ஜிபிடபிள்யூ என்ற ராணுவ ஜீப்புகள் இரண்டும் சேர்ந்து 6 லட்சத்துக்கும் மேல் தயாராயின. இரண்டும் ஒரே வடிவமைப்பு. ஒன்றின் பாகம் மற்றொன்றில் ஏற வேண்டும் என்றே செய்தார்கள். போருக்குப் பிறகு பொதுமக்களுக்காக வந்த சிஜே-2ஏ, சிஜே-3ஏ, சிஜே-3பி, அப்புறம் அமெரிக்காவுக்கு வெளியே மஹிந்திரா, மிட்சுபிஷி, ஹாட்ச்கிஸ் லைசென்ஸ் வாங்கிச் செய்தவை, எல்லாம் அதே வம்சம்தான். அதனால் இத்தனை வருடங்களில் பல கை மாறிய ஒரு ஜீப்பில் எந்தப் பாகம் எந்த வண்டியிலிருந்து வந்தது என்று விற்பவருக்கே தெரியாது. போல்ட் துளை பொருந்திவிட்டது, ஆகவே பாகம் சரியானது என்று நினைத்துவிடுகிறார்கள். பெரிய செலவெல்லாம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

டேஷ்போர்டுத் தகட்டை நம்புவது

டேஷ்போர்டில் இருக்கும் பெயர்த் தகடுகள் இன்று புதிதாகச் செய்தே விற்கப்படுகின்றன. அதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கிரில்லில் 9 திறப்பு என்றால் போர்க்கால வண்டி, 7 என்றால் சிஜே என்று சொல்வார்கள். பொதுவாகச் சரிதான். ஆனால் கிரில்லும் போல்ட்டில் நிற்கிற பாகம், யாரும் கழற்றி மாற்றலாம்.

சேசிஸைப் பாருங்கள். முன்பக்கம் ரேடியேட்டருக்குக் கீழே போகிற குறுக்குச் சட்டம் உருண்டைக் குழாயாக இருந்தால் வில்லிஸ் எம்பி. கவிழ்த்து வைத்த ‘ப’ போல இருந்தால் ஃபோர்டு. ஃபோர்டில் எண்ணை இடது சட்டத்தின் மேல்புறம், இஞ்சின் மவுண்டுக்குப் பக்கத்தில் நேரடியாகப் பொறித்திருப்பார்கள். வில்லிஸில் முன் பம்பருக்குப் பின்னால், இடது சட்டத்தின் உட்பக்கம் ஒரு சின்னத் தகடு ரிவெட் அடித்திருக்கும். வயர் பிரஷ்ஷால் தேய்த்து, எண்ணைப் படித்து, பேப்பரோடு ஒப்பிட்ட பிறகு விலை பேசுங்கள்.

முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் ஒரே கணக்கா என்று பார்க்காமல் விடுவது

இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்லப் போகிறேன். இத்தனை காலமாகியும் இதை நினைத்தால் எனக்கு எரிச்சல் அடங்குவதில்லை.

எனக்குத் தெரிந்த ஒருவர் போர்க்கால எம்பி ஒன்றை வாங்கினார். டூ வீலில் வண்டி அழகாக ஓடியது. ஃபோர் வீல் போட்டால் மட்டும் கொஞ்ச தூரத்திலேயே இறுகும். லீவரைத் திரும்ப எடுக்க வராது. ரிவர்ஸில் நகர்த்தினால்தான் ‘டக்’கென்று விடுபடும். ஒர்க்ஷாப்பில் டிரான்ஸ்ஃபர் கேஸை, அதாவது இஞ்சின் சக்தியை முன் பின் ஆக்சில்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டியை, இறக்கிப் பிரித்தார்கள். பல் உதிர்ந்திருந்தது. புது கியர், புது பேரிங், புது ஷாஃப்ட் எல்லாம் போட்டு ஏற்றினார்கள். சில மாதங்களில் மறுபடியும் அதே இறுக்கம், அதே சத்தம். மறுபடியும் இறக்கினார்கள். “பழைய ஜீப் சார், இப்படித்தான் இருக்கும்” என்று ஒரு சமாதானம் வேறு.

பழைய ஜீப் அப்படியெல்லாம் இருக்காது. அந்த வண்டியில் பின் ஆக்சில் எம்பியுடையது, முன் ஆக்சில் ஏதோ ஒரு சிஜேயுடையது. இரண்டு வண்டிக்கும் முன்னால் இருப்பது டேனா 25 ஆக்சில்தான். வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது. வித்தியாசமெல்லாம் உள்ளே கிரவுன் பினியனில், அதாவது ஷாஃப்ட்டின் சுற்றைச் சக்கரத்துக்குக் கடத்தும் பெரிய, சின்ன பல்சக்கர ஜோடியில் இருக்கிறது. எம்பியிலும் ஜிபிடபிள்யூவிலும் கிரவுனுக்கு 39 பல், பினியனுக்கு 8, அதாவது விகிதம் 4.88. சிஜே-2ஏ, 3ஏ, 3பி வண்டிகளில் 43-க்கு 8, அதாவது 5.38.

சக்கரம் 10 சுற்று சுற்றும்போது டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் 48¾ சுற்று சுற்ற வேண்டும். முன்னால் இருப்பதோ 53¾ சுற்று கேட்கும். இருபது சொச்சம் மீட்டருக்குள்ளேயே 5 சுற்று வித்தியாசம். இந்த வண்டிகளில் இருக்கும் டேனா 18 டிரான்ஸ்ஃபர் கேஸில், முன்னும் பின்னும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் நடு டிஃபரன்ஷியல் கிடையாது. ஃபோர் வீல் போட்டதும் முன் ஷாஃப்ட்டும் பின் ஷாஃப்ட்டும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். சேற்றிலும் மணலிலும் டயர் வழுக்கி அந்த வித்தியாசத்தைத் தீர்த்துவிடும். அதனால்தான் பலருக்கு இது பிடிபடுவதே இல்லை. கெட்டியான தரையில் டயர் வழுக்காது. முறுக்கமெல்லாம் யு-ஜாயிண்ட், ஆக்சில் ஷாஃப்ட், டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர் மூன்றின் மேலும் ஏறும். எது பலவீனமோ அது உடையும்.

கண்டுபிடிக்க எந்த உபகரணமும் வேண்டாம். ஒரு ஜாக்கி, சாக்பீஸ் போதும். முன் சக்கரங்களுக்கு நன்றாகக் கட்டை கொடுத்துவிட்டு, பின்னால் ஒரு சக்கரத்தை மட்டும் தூக்குங்கள். கியர் நியூட்ரலில் இருக்கட்டும். ஹேண்ட் பிரேக்கை விடுவியுங்கள். இந்த வண்டிகளில் அது சக்கரத்தில் இல்லை, டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்புறம் ஷாஃப்ட்டையே பிடிக்கிறது. சக்கரத்திலும் ஷாஃப்ட்டிலும் சாக்பீஸால் கோடு போட்டு, சக்கரத்தை 20 முறை சுற்றுங்கள். மற்ற சக்கரம் தரையில் நிற்பதால் டிஃபரன்ஷியல் அதைப் பாதியாக்கிவிடும். இன்னொருவர் ஷாஃப்ட்டின் சுற்றை எண்ணட்டும். 49-க்குப் பக்கத்தில் வந்தால் 4.88. 54-ஐ நெருங்கினால் 5.38. அப்புறம் பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, லீவரை டூ வீலில் வைத்து, முன்னாலும் இதையே செய்யுங்கள். முன்னால் லாக்கிங் ஹப் (சக்கரத்தை ஆக்சில் ஷாஃப்ட்டோடு இணைக்கவும் பிரிக்கவும் உதவும் மூடி) போட்டிருந்தால் முதலில் அதை லாக் செய்ய மறக்காதீர்கள்.

இதற்கு அரை மணி நேரம்கூட ஆகாது. வாங்கும் முன்பே விற்பவர் எதிரிலேயே செய்துவிடலாம். இதைச் செய்யாமல் டிரான்ஸ்ஃபர் கேஸை இரண்டு முறை பிரித்ததைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

வித்தியாசம் இருந்தால் தவறான பக்கத்தின் கிரவுனையும் பினியனையும் ஜோடியாகவே மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் ஊளையிடும், சீக்கிரம் தேயும். போர்க்கால வண்டி என்றால் 4.88-க்கே போங்கள். 5.38 இழுவை தரும், ஆனால் சாலையில் இஞ்சின் எப்போதும் கத்திக்கொண்டே ஓடும். முன்னும் பின்னும் வேறு வேறு அளவு டயர் போட்டாலும் இதே கேடுதான்.

பாடியை மேலேயிருந்து மட்டும் பார்ப்பது

கீழே படுத்துப் பாருங்கள். தரைத் தகட்டைத் தாங்கும் மடிப்புச் சட்டங்கள் உள்ளிருந்து துருப்பிடிப்பவை. போர்க்கால பாடியில் அவற்றுக்குள் மரக்கட்டை வைத்திருந்தார்கள். அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு இரும்பைத் தின்றுவிடும். மேலே பட்டி போட்டுப் பெயிண்ட் அடித்துப் பளபளவென்று இருக்கும், கீழே ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் உள்ளே போகும். டிரைவர் சீட்டுக்கு அடியில் பெட்ரோல் டேங்க் உட்காரும் குழியையும் டார்ச் அடித்துப் பாருங்கள். தண்ணீர் தேங்குகிற இடம் அது.

சாண்ட் பிளாஸ்டிங்

மணலைக் காற்றழுத்தத்தில் பீய்ச்சித் துருவை எடுப்பது சேசிஸுக்குச் சரி. பாடித் தகட்டுக்கு அழுத்திப் பிடித்தால் தகடு வளைந்து போகும், பிறகு எந்த டிங்கராலும் நேராக்க முடியாது. ஆக்சிலை அப்படியே வைத்து அடிக்கவே கூடாது. உள்ளே புகுந்த மணல் பேரிங்கை அரைத்துவிடும்.

இஞ்சினில் தொடங்குவது

எல்லோருக்கும் இஞ்சின் சத்தத்தைக் கேட்கத்தான் அவசரம். இந்த ஜீப்புகளின் பிரேக் 9 அங்குல டிரம், ஒரே சர்க்யூட். ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர், ஹோஸ் எல்லாம் புதிதாக்கும் வரை வண்டி நகரக் கூடாது. பெரிய இஞ்சின் வைக்கும் ஆசை இருந்தால், அந்த கியர்பாக்ஸும் பிரேக்கும் 60 குதிரைத்திறனுக்குச் செய்யப்பட்டவை என்பதை மறக்க வேண்டாம்.

இடது சக்கர நட்டு

இடது பக்கம் மட்டும் மரை தலைகீழ். வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். தெரியாமல் பைப் போட்டு எம்பினால் ஸ்டட் முறியும்.

முதலில் பெயிண்ட்

வேண்டாம்.

பழைய பாகங்களைப் பழைய இரும்புக்குப் போடுவது

புதுப் பாகம் வந்து, வண்டியில் ஏறி, ஓடிப் பார்க்கும் வரை பழையதைக் கையை விட்டு விடாதீர்கள். இப்போது கிடைக்கும் மறுதயாரிப்புகளில் துளை தள்ளியிருப்பது சகஜம். பழையது எதிரில் இருந்தால்தான் எங்கே தவறு என்று அளந்து சரிசெய்ய முடியும். ஃபோர்டு வண்டி என்றால் போல்ட்டின் தலைகளைக்கூட மண்ணெண்ணெயில் கழுவிப் பாருங்கள். சிறிய ‘எஃப்’ எழுத்து பொறித்திருந்தால் அது ஆலையிலிருந்தே வந்த போல்ட்டு. அப்படிப்பட்டதை ஒரு டப்பாவில் போட்டு, எந்த இடத்திலிருந்து கழற்றியது என்று சீட்டு எழுதி ஒட்டி வையுங்கள்.