குயில்ட்டுக்கும் கடைத் தையலுக்கும் புது மிஷின்: பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

பிளவுஸும் சுடிதாரும் பள்ளிச் சீருடையும் தைத்துக்கொண்டிருப்பவர்கள், பஞ்சு வைத்துப் போர்வையோ குழந்தை மெத்தையோ (அதுதான் குயில்ட்) தைக்க ஆரம்பித்ததும் கேட்பது இதைத்தான்: “ரெண்டுக்கும் சேர்த்து ஒரே மிஷின் எது வாங்கலாம்?” தினமும் சோறு போடுகிற வேலை எதுவோ, அதற்கு வாங்குங்கள் என்பதே எங்கள் பதில். கடைத் தையலுக்கு வேகம் வேண்டும், நாள் முழுக்க ஓடினாலும் தையல் மாறக் கூடாது. குயில்ட்டுக்கு மிஷின் கழுத்துக்குள் இடம் வேண்டும், கனத்தை நசுக்காமல் அடியிலிருந்து துணியை இழுக்கும் பல் வேண்டும். இரண்டும் ஒரே மிஷினில் முழுதாக அமைவது அரிது.

வீட்டில் ஏற்கெனவே கால்மிதி வைத்த கருப்புத் தலை மிஷின் இருந்தால் அதை விற்றுவிடாதீர்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி கிராமங்களில் அரசின் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் மிஷின் திட்டத்தில் வாங்கிய மிஷின் உள்ளவர்களுக்கும் இதையே சொல்வோம். குயில்ட்டில் பாதி வேலை துண்டுத் துணிகளை ஓரத்தில் கால் அங்குலம் விட்டு இணைத்துத் தைப்பது. அதற்கு நேர்தையல் ஒன்றே போதும். கரண்ட் போனாலும் கால்மிதி நிற்காது. புது மிஷினுக்கான பணத்தை அடுத்த கட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

வாடிக்கையாளர் துணிதான் முதல் வருமானம் என்றால் பவர் மிஷின் (கார்மென்ட்ஸில் ஓடும் ரகம்) வாங்கலாம். ஜூக்கி, ஜாக் போன்றவற்றின் ஒற்றை ஊசி மிஷின்கள் நிமிடத்துக்கு 4,000 முதல் 5,000 தையல் வரை ஓடக்கூடியவை. வீட்டு மோட்டார் மிஷின் பெரும்பாலும் 800 முதல் 1,000. ஆனால் கடையில் வேகத்தைக் காட்டி மயக்கினால் விழாதீர்கள். பிளவுஸ் கழுத்து வளைவில் யாரும் 4,000-இல் ஓட்டுவதில்லை. அதைவிட முக்கியம் மோட்டார். கிளட்ச் மோட்டார், சுவிட்ச் போட்டதிலிருந்து தைக்காதபோதும் சுற்றிக்கொண்டே கரண்ட் இழுக்கும், இரைச்சலும் உண்டு. சர்வோ மோட்டார் மிதித்தால்தான் ஓடும், வேகத்தையும் குறைத்து வைத்துக்கொள்ளலாம். புதிதாக வாங்கினால் சிங்கிள் ஃபேஸ் சர்வோ மட்டும் கேளுங்கள். பம்புசெட் ஓடும் நேரத்தில் உங்கள் ஊரில் வோல்டேஜ் இறங்கும் என்றால் அதைக் கடையில் முன்னாலேயே சொல்லுங்கள். வோல்டேஜ் மிகவும் இறங்கினால் சர்வோவின் கண்ட்ரோல் பாக்ஸ் எர்ரர் காட்டி நின்றுவிடும். எர்த் இல்லாத பிளக்கில் மாட்டவே கூடாது.

பவர் மிஷினில் லேசான துணிக்கு ஒரு பல், கனத் துணிக்கு ஒரு பல் என்று ரகம் உண்டு. ஜீன்ஸ், பை தைக்கும் கன ரகத்தை வாங்கிவிட்டால் பட்டு பிளவுஸில் பல்தடம் விழும். சீருடை, சுடிதார், காட்டன் குயில்ட் எல்லாவற்றுக்கும் நடுத்தர ரகமே சரி. அடியில் எண்ணெய்த் தொட்டி உள்ள மிஷினில் வெளிர் நிறக் குயில்ட் தைக்கும்போது எண்ணெய்ப் பொட்டு விழ வாய்ப்புண்டு. எண்ணெய் நிரப்பிய பிறகும் சர்வீஸ் முடிந்த பிறகும் முதலில் கழிவுத் துணியில் சிறிது நேரம் ஓட்டுங்கள்.

பவர் மிஷினின் பெரிய குறை, சாதாரணமாக அதன் பல்லைக் கீழே இறக்க முடியாது. கோடு கோடாக நேராகத் தைக்கும் குயில்ட்டுக்கு இது பிரச்சினையில்லை. பூ, கொடி, சுருள் என்று துணியைக் கையால் நகர்த்தித் தைக்கப் பல் இறங்கியே ஆக வேண்டும். அந்த வேலைதான் உங்கள் முதல் வருமானம் என்றால், நேர்தையல் மட்டும் போடும், நிமிடத்துக்கு 1,500 தையல் ஓடும் நடு ரகத்தைத் தேடுங்கள். ஜூக்கி டிஎல் (TL) வரிசை, பிரதர் பிக்யூ (PQ) 1500 அந்த ரகம். பல் இறங்கும், கழுத்து அகலம், மேஜை மேல் வைத்தே தைக்கலாம். ஆனால் பாபின் கேஸும் ஊசித் தட்டும் ஓசூர், சேலம், பெங்களூரு இவற்றில் எங்கே கிடைக்கும் என்று தெரிந்த பிறகே பணம் கட்டுங்கள்.

கழுத்து இடம் என்பது ஊசியிலிருந்து வலப்பக்கத் தூண் வரை உள்ள தூரம். இதை டேப் வைத்து நீங்களே அளக்க வேண்டும். 60 அங்குல அகலக் குயில்ட்டின் நடுக்கோட்டைத் தைக்கும்போது பாதி, அதாவது 30 அங்குலம், சுருட்டி அந்த இடத்துக்குள் போக வேண்டும். வீட்டு மிஷினில் 6 முதல் 7 அங்குலம்தான் இருக்கும். சுருள் தூணில் முட்டினால் துணி தடைபடும், தடைபட்ட இடத்தில் தையல் குட்டையாகும், கோடும் கோணும். 8 அங்குலத்துக்குக் கீழே பெரிய போர்வை தைப்பது வீண் போராட்டம். குழந்தை மெத்தைக்கு 6 போதும்.

கடைக்குப் போகும்போது துணியை நீங்களே கொண்டு போங்கள். அங்கே தரும் கஞ்சி போட்ட விறைப்பான துணியில் எந்த மிஷினும் நன்றாகத்தான் தைக்கும். பர்கூரில் எடுத்த சாதாரணக் காட்டன், ஒரு லைனிங் துணி, கொஞ்சம் பஞ்சு ஷீட், இரண்டு நிற நூல் போதும்.

முதலில் நூல் கோக்காமல், கோடு போட்ட நோட்டுத் தாளில் ஒரு வரி ஓட்டுங்கள். கையை லேசாக வைத்தாலே துளைகள் கோட்டின் மேலேயே போக வேண்டும். பக்கவாட்டில் இழுத்தால் பல்லோ, துணியை மேலிருந்து அழுத்தும் ஃபூட்டோ சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம்.

அடுத்து 20 அங்குல நீளத்தில் சமமாக வெட்டிய இரண்டு பட்டைகளை, குண்டூசி குத்தாமல், ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து முனையிலிருந்து முனை வரை தையுங்கள். கீழ்த் துணியைப் பல் முன்னே இழுக்கும், மேல் துணியை ஃபூட் தடுக்கும். அதனால் முடிவில் மேல் பட்டை கொஞ்சம் நீண்டு நிற்கும். அரைக்கால் அங்குலத்துக்கு மேல் நீண்டால் ஃபூட் அழுத்தத் திருகைத் தளர்த்தி மறுபடி தையுங்கள். அப்படியும் குறையாவிட்டால் அந்த மிஷின் வேண்டாம். குயில்ட் ஓரத்தில் வரும் சுருக்கத்துக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

பிறகு துணி, பஞ்சு, துணி என்று மூன்றடுக்கு வைத்து, மேலே கறுப்பு நூல், பாபினில் வெள்ளை நூல் போட்டு 3 மி.மீ. தையலில் ஓட்டுங்கள். மேலே வெள்ளைப் புள்ளி தெரிந்தால் மேல் டென்ஷன் (நூல் இறுக்கம்) அதிகம். அடியில் கறுப்பு நூல் கூடு கட்டினால் பாபினைக் குறை சொல்வதற்கு முன், ஃபூட்டைத் தூக்கி வைத்து மேல் நூலை மறுபடி கோத்துப் பாருங்கள். ஃபூட் இறங்கியிருக்கும்போது கோத்தால் நூல் டென்ஷன் தட்டுக்குள் போய் உட்காராது. கடைசியாக அதே துணியை எட்டு மடிப்பாக்கி மெதுவாகக் கடக்கவிடுங்கள். ஏறும் இடத்தில் தையல் விட்டுப்போனால் 14-ஆம் எண் ஊசியை எடுத்து 16 போட்டுப் பாருங்கள். மெல்லிய ஊசி கனத்தில் வளைந்து, அடியில் நூலைப் பிடிக்கும் கொக்கியைத் தவறவிடும். 16-லும் விட்டால் டைமிங் (ஊசியும் கொக்கியும் சந்திக்கும் நேரம்) பார்க்க வேண்டும், புது மிஷினில் அதை ஏற்காதீர்கள்.

மூன்று அடுக்கையும் சேர்த்து நகர்த்தும் வாக்கிங் ஃபூட்டைத் தனியாக வாங்குவதாக இருந்தால் ஷாங்க் (ஃபூட் மாட்டும் தண்டு) உயரம் பொருந்த வேண்டும். ஃபூட்டை இறக்கி, ஊசித் தட்டிலிருந்து ஃபூட் திருகின் நடு வரை அளந்தால் அரை முதல் முக்கால் அங்குலம் லோ ஷாங்க், 1 அங்குலமும் அதற்கு மேலும் ஹை ஷாங்க். மாட்டும்போது அதன் கவை ஊசித் திருகைப் பிடித்திருக்க வேண்டும், இல்லையென்றால் மேல் பல் நகராது. மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும். ரிவர்ஸ் போடாதீர்கள்.

பெங்களூரு கார்மென்ட்ஸில் ஓடிய பழைய பவர் மிஷின் மலிவாக வந்தால், வீலைப் பிடித்து மேலும் கீழுமாக ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்திருக்கலாம். ஊசித் தட்டைக் கழற்றி, கொக்கியின் முனையை நகத்தால் தடவுங்கள். சொரசொரப்பாக இருந்தால் நூலை அறுத்துக்கொண்டே இருக்கும். ஓட்டும்போது தலை மேலுள்ள கண்ணாடியில் எண்ணெய் தெறிப்பது தெரிய வேண்டும். தெரியாவிட்டால் பம்ப் வேலை செய்யவில்லை, அல்லது தொட்டி காலி. எண்ணெய் ஊற்றியும் தெரியாத மிஷினை வாங்க வேண்டாம்.

ஊசி வாங்கும்போது பிராண்டைச் சொல்லிக் கேட்காமல் பழைய ஊசியைக் கையில் கொண்டு போங்கள். வீட்டு மிஷின் ஊசியின் தலை ஒரு பக்கம் தட்டை, பவர் மிஷின் ஊசியின் தலை உருண்டை. மாற்றிப் போட்டால் தையலே விழாது.