கர்ணப்புறா ஜோடி போடும்போது சறுக்குகிற இடங்கள்

தை பிறந்து மழை ஓய்ந்ததும் மன்னார்குடி, கும்பகோணம் பக்கம் மாடிக் கூண்டுகளில் கர்ணப்புறாக்கள், அதாவது பறக்கும்போதே குட்டிக்கரணம் (கர்ணம்) அடித்து உருண்டு இறங்கும் புறாக்கள், புது ஜோடி சேரும். வருஷா வருஷம் அதே தவறுகளும் சேரும். கூண்டைச் சுத்தமாக வைப்பது, தண்ணீர் மாற்றுவது பற்றியெல்லாம் இங்கே பேச்சில்லை. குஞ்சு எடுக்க எந்தப் புறாவை வைத்துக்கொள்வது என்பது மட்டும்தான்.

நிறம் பார்த்து எடுப்பது

மேலே போனபின் நிறம் தெரியாது. அடுத்தது.

ஆழத்தைப் பார்த்து மயங்குவது

ஆழம் என்பது புறா உருண்டபடி இறங்கும் தூரம். காசும் ஒரு வருஷமும் சேர்ந்து போவது இதில்தான். நெட்டைத் தென்னை உயரத்துக்கு ஒரு புறா உருண்டு இறங்கினால் மாடியே கத்தும். உடனே அந்த ஆணுக்கு அதே ஆழம் உருளும் பெட்டையைத் தேடிப் பிடித்து, கேட்ட விலை கொடுத்து ஜோடி போட்டுவிடுவார்கள். உருளும் குணம் ரத்தத்தில் வருவது. இரண்டு பக்கமும் அது மிஞ்சி இருந்தால், குஞ்சுக்குக் கர்ணம் வரும், நிறுத்தத் தெரியாது. மூன்று, நான்கு மாதத்தில் அடிக்க ஆரம்பித்து, கொஞ்ச நாளில் மொட்டைமாடித் தரையிலோ ஓட்டிலோ வந்து மோதும்.

டெல்டாவில் இன்னொரு ஏமாற்றும் உண்டு. ஐப்பசியில் மழை விட்ட நாளில் பறக்கவிட்டால், தவறி விழுகிற புறா சம்பா வயலின் சேற்றில் விழுந்து, இறக்கையில் களிமண்ணோடு எழுந்து வந்துவிடும். சிரித்துக்கொண்டே கழுவிவிட்டு, தையில் அதையே ஜோடி போடுகிறார்கள். அதன் குஞ்சு கோடையில் விழும்போது கீழே இருப்பது வெடித்த தரை.

பார்க்க வேண்டியது வேறு. புறாக்கூட்டத்துக்கு நேர் கீழே நிற்காமல் பக்கவாட்டில், வெயிலுக்கு முதுகு காட்டி நில்லுங்கள். நல்ல கர்ணத்தில் இறக்கையடி தனித்தனியாகத் தெரியாது. புறா ஒரு சின்ன பந்தாகச் சுருண்டு, நடுவில் ஓட்டை விழுந்த மாதிரி சுழலும். இடமோ வலமோ சாயாமல் நேராக இறங்கும். முடியும்போது வெட்டினாற்போல் நிற்கும். நின்றதும் தள்ளாடாமல் கூட்டத்தோடு போய்ச் சேரும். இவ்வளவும் சரியாக இருந்தால் 15, 20 அடி தாராளம். சர்வதேசப் போட்டிகளிலேயே குறைந்தபட்ச ஆழம் 10 அடிதான்.

ஆழமான புறா சுத்தமாகவும் சுழன்றால் ஒதுக்க வேண்டாம். அதற்கு ஆழம் குறைந்த, அதே வேகமுள்ள, நிறுத்தத் தெரிந்த துணையைப் போடுங்கள். ஆழம் குறையட்டும் என்று மந்தமாக உருளும் துணையைச் சேர்த்தால் குஞ்சில் வேகமும் போய்விடும். ஒரு ஜோடியில் ஆறு குஞ்சு வரை எடுத்துப் பறக்கவிட்டுப் பாருங்கள். புதிதாகக் கர்ணம் பழகும் குஞ்சு ஒரு தரம் மோதினால் இரண்டு வாரம் கூண்டில் ஓய்வு. திரும்பவும் மோதினால் அது குஞ்செடுக்க ஆகாது. ஆறில் இரண்டு அப்படிப் போனால் ஜோடியைப் பிரித்துவிடுங்கள், என்ன விலை கொடுத்திருந்தாலும்.

ஒரு பருவம் பார்த்து முடிவு கட்டுவது

ஆறு மாதத்தில் அழகாக உருண்டது அடுத்த வருஷம் கட்டுமீறிப் போவதும் உண்டு. ஒரு வருஷம் சும்மா பறந்தது பிறகு பிரமாதமாக அடிப்பதும் உண்டு. மாசியிலிருந்து ஆனி வரை ஒரு பருவம். அப்படி இரண்டு வருஷம் பார்த்து நோட்டில் எழுதுங்கள். ஆடிக் காற்றில் பார்த்ததைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கொழுத்த புறாவைப் பார்த்து முடிவு கட்டுவது

நெல்லும் கடலையும் தின்று கொழுத்தது உருளாது. கம்பு, சோளம், கோதுமை கலந்து தினம் தலைக்கு 25 முதல் 30 கிராம். அதற்குப் பிறகு பாருங்கள்.

கழுத்துத் திருகலைக் கர்ணம் என்று நினைப்பது

தரையிலேயே குட்டிக்கரணம் அடிக்கிறது என்று யாராவது விற்க வந்தால், தானியம் போட்டுப் பாருங்கள். கொத்தும்போது குறி தவறுகிறதா, எச்சம் தண்ணீராக இருக்கிறதா? அது நோய். மற்ற புறாக்களுக்கும் ஒட்டும்.

வளையம் போடாமல் விடுவது

குஞ்சு பொரித்த ஏழாம், எட்டாம் நாளில் காலில் அடையாள வளையம் போட்டுவிடுங்கள். பத்து நாள் தாண்டினால் பெரும்பாலும் கால் நுழையாது. பிறகு எது யார் குஞ்சு என்று கூண்டு முன்னால் நின்று சண்டை போட வேண்டியதுதான்.