பேனாவுக்கு முன் கண்: நஸ்தலீக் பழகப் பழைய பாரசீக ஆசான்கள் காட்டிய வழி

பாரசீக அழகெழுத்துப் பாணியான நஸ்தலீக்கைக் கற்க வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எந்த நாணல் பேனா வாங்கலாம் என்பதைத்தான். 16ஆம் நூற்றாண்டில் பாரசீக எழுத்துக்கலைஞர் பாபா ஷா இஸ்ஃபஹானி எழுதிய 'ஆதாபுல் மஷ்க்' என்ற பயிற்சி நூல் வேறு இடத்தில் தொடங்குகிறது. அவர் சொல்லும் பயிற்சிகள் மூன்று: பார்ப்பது, பார்த்து எழுதுவது, மனதிலிருந்து எழுதுவது. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

முதலில் ஓர் ஆசானைத் தேர்ந்தெடுங்கள், ஒரே ஓர் ஆசானை. இன்றைய ஆப்கானிஸ்தானின் ஹெராத் நகரில் பெயர் பெற்ற எழுத்தாசான் சுல்தான் அலி மஷ்ஹதி, 1514இல் செய்யுளாக எழுதிய கையேட்டில் இதை அழுத்திச் சொல்கிறார்: நீ தேர்ந்த ஆசானின் எழுத்து கண்ணில் நிறையும்வரை இன்னொருவருடையதைப் பார்க்காதே. உங்கள் ஆசான் எழுதிய ஒரு வரியை எதிரே வைத்து, எந்த வளைவு எங்கே தடிக்கிறது, எங்கே மெலிகிறது, வரியின் முடிவு எவ்வளவு மேலே ஏறுகிறது என்று பாருங்கள். கை பரபரக்கும், பேனாவைத் தொடாதீர்கள்.

அப்புறம் பேனா. செந்நிற நாணல், அதிக நீளமோ குட்டையோ தடிமனோ ஒல்லியோ இல்லாமல் நடுத்தரமாக இருக்கட்டும் என்பது சுல்தான் அலியின் கணக்கு. முனையைச் சீவி, நடுவே பிளவு கீறி, எலும்புத் தகட்டின் மேல் வைத்துச் சாய்வாக ஒரே அழுத்தில் வெட்டுங்கள். இரண்டாவது அழுத்து விழுந்தால் முனை பிசிறடிக்கும். அதைத் தேய்த்துச் சரிசெய்யப் பார்க்காமல் புதிதாகச் சீவுவதே நல்லது.

மைக்குப் பாரசீகத்தில் ஒரு பழைய செய்யுளே உண்டு. விளக்குப் புகைக்கரி ஒரு பங்கு, அதே எடை அன்னபேதி (இரும்பு உப்பு), இரண்டும் சேர்ந்த எடைக்கு மாசிக்காய், மூன்றும் சேர்ந்த எடைக்கு வேலம்பிசின். பிறகு வேண்டியது தோள்வலு என்று முடிகிறது. உண்மைதான், அரைக்க அரைக்கத்தான் மை இழையும். மைக்கூட்டில் கொஞ்சம் பட்டு நூலைப் போட்டுவையுங்கள். பேனா அளவோடு மை எடுக்கும்.

இப்போது ஆசானின் வரியை மாதிரியாக வைத்து, பார்த்து எழுதலாம். பேனாவை ஒருமுறை அழுத்தினால் விழும் சாய்சதுரப் புள்ளிதான் உங்கள் அளவுகோல். நேர்கோடாக நிற்கும் முதல் எழுத்தான அலிஃப் மூன்று புள்ளி உயரம். எழுதிய ஒவ்வொரு அலிஃபுக்கும் பக்கத்தில் புள்ளி வைத்து அளந்து பாருங்கள். தனி எழுத்துகள் நிலைபெறாமல் வரிக்குப் போகாதீர்கள். பகலில் சிறிய எழுத்து, மாலையில் பெரியது என்பதும் சுல்தான் அலி சொன்னதே. வெளிச்சம் குறையும்போது கண் தாங்க வேண்டாமா?

இந்தக் கட்டத்தில் சொந்தச் சரக்கு எதையும் சேர்க்கக் கூடாது. ஆனால் இங்கேயே தங்கிவிடவும் கூடாது. பார்த்து எழுதுவதோடு நிற்பவரை, பிறர் எழுதியதைப் படித்துக்கொண்டே இருந்து தானாக ஒன்றும் எழுதாதவருக்கு ஒப்பிடுகிறார் பாபா ஷா. கை ஓரளவு படிந்ததும் மாதிரியை மூடிவைத்து, அதில் இல்லாத ஓர் ஈரடியை எடுத்து எழுதுங்கள். எழுதிய பிறகு மாதிரியைத் திறந்து பக்கத்தில் வையுங்கள்.